"ரேஸ் ரெடி" எஸ்டீம்: மூன்றே கால் லட்சத்துக்கு நான் வாங்கியது

விளம்பரத்தில் நாலே வரி. மாருதி எஸ்டீம், ரேஸ் ரெடி. ரோல் கேஜ், பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட். எஞ்சின் முழுசாகப் பண்ணியது, கேம் மாற்றியது. கூடவே பதினோரு படம். மூன்றே முக்கால் லட்சம் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்த்து, இரண்டு டீ குடித்து, மூன்றே காலுக்கு முடித்து, லாரி வாடகையையும் நானே கொடுத்துக் கோவைக்கு ஏற்றி வந்தேன். விற்றது வேறு ஊர் டீம் ஒன்று. பெயர் போடப் போவதில்லை. பணம் கைமாறிய பிறகும் போனை எடுத்துப் பேசுகிறவர்கள், அந்த மட்டுக்கு நல்லவர்கள்தான். பழைய ரேஸ் கார் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற அடுத்த ஆளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. சோறு போடுவது பம்ப் ஷாஃப்ட். நடுநடுவே ரேஸ் பையன்கள் ஃப்ளைவீலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், "அண்ணா, ஒரு கிலோ குறைச்சுக் குடுங்க" என்று. குறைத்துக் கொடுப்பேன், காசு வாங்கிக்கொள்வேன். எந்தப் பிரிவில் ஓட்டுகிறாய், அதில் ஃப்ளைவீலில் கை வைக்கலாமா என்று ஒருவனையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கார் எனக்கில்லை, அக்கா மகனுக்கு. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து சான்றிதழ் வாங்கி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, லைசென்ஸும் எடுத்துவிட்டான். "மாமா, கார் மட்டும்தான் பாக்கி" என்றான். அந்த 'மட்டும்'தான் இந்தக் கதை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கியர் பாக்ஸ் அருமை. ஸிங்க்ரோ ஒன்றுகூடத் தேயவில்லை. சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் புதிது. எட்டு ரிம் கொடுத்தார்கள், எதுவும் நெளியவில்லை. வயரிங் செய்த ஆள் யாரென்று தெரிந்தால் கையைப் பிடித்துக் குலுக்குவேன், அவ்வளவு சுத்தம். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் வெளியே சரியான இடத்தில், வெள்ளை ஓரம் போட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் அடையாளத்தோடு இருந்தது. திருப்பினால் எஞ்சின் அந்த நொடியே நிற்கிறது. பெயின்ட்டும் குறை சொல்ல முடியாது.

பெயின்ட்தான் என்னை ஏமாற்றியது. ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் டிரைவரைக் காக்கிற பைப் கூண்டு, அதற்கு வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்து, தலை படுகிற இடத்தில் ஸ்பாஞ்சு சுற்றி, பார்க்கப் பெரிய டீம் கார் மாதிரி இருந்தது. பட்டறைக்கு வந்த அன்று சாயங்காலம் சும்மா ஒரு ஸ்பேனரால் தட்டினேன். சத்தம் பிடிக்கவில்லை. கனமான பைப் தட்டினால் 'தொம்'மென்று இருக்கும். இது கட்டில் கால் மாதிரி கிணுகிணுத்தது. வெர்னியர் வைத்தேன். டிரைவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிற மெயின் வளைவு, வெளி விட்டம் 38 மில்லிமீட்டர். சுவர் எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது. காசு கொடுத்தாகிவிட்டது, இனி யாரைக் கேட்க வேண்டும் என்று மறைவான ஒரு இடத்தில் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, நுனி வளைத்த கம்பியை விட்டு இழுத்து அளந்தேன். 1.6. பட்டறை பாஷையில் 16 கேஜ் பைப்.

அதோடு விடவில்லை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, போனில் மாட்டிப் பார்க்கிற ஒயர் கேமராவை உள்ளே விட்டேன். பைப்பின் உள்சுவரில் நெடுக ஒரு கோடு, ஆபரேஷன் தழும்பு மாதிரி. தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிய வெல்டிங் பைப். கேட் செய்யலாம், கோழிக்கூண்டு செய்யலாம். மனிதன் உட்காருகிற கூண்டு செய்யக்கூடாது. கார் உருண்டால் பைப் நசுங்கித்தான் அடியை வாங்க வேண்டும். தையல் போட்ட பைப் நசுங்குகிற வேகத்தில் தையலோடு பிளந்துகொள்ளக்கூடும்.

அன்று இரவே சிங்காநல்லூர் பெரியவருக்கு போன் போட்டேன். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மெக்கானிக். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் டூல் பெட்டியோடு ரயிலேறிப் போனவர். நான் புலம்பி முடிக்கிறவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, காரை வாங்கிப்போட்டு அப்புறமா சட்டத்தைப் படிக்கிறீங்களா? அப்பெண்டிக்ஸ் ஜே, 253. அதை எடுத்து வெச்சு ஒரு ராத்திரி உக்காருங்க."

உட்கார்ந்தேன். உலக கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. போடுகிற தொழில்நுட்ப விதித் தொகுப்பு அது; 253 அதில் பாதுகாப்புச் சாமான் பற்றிய விதி. பிரெஞ்சும் ஆங்கிலமும் அருகருகே. கூண்டு விஷயத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட நம் ஊகத்துக்கு விட்டுவைக்கவில்லை. மெயின் வளைவுக்கு 45 விட்டமும் 2.5 சுவரும், இல்லையென்றால் 50 விட்டமும் 2.0 சுவரும். மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2.0. எல்லாமே கோல்ட் ட்ரான் சீம்லெஸ், அதாவது சூடாக்காமல் இழுத்த, தையல் இல்லாத பைப்; கலப்பில்லாத கார்பன் ஸ்டீல், இழுவை வலிமை சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். பாடியில் கால் ஊன்றுகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் தகடு, பரப்பு 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல். போல்ட் என்றால் எம் 8, கிரேடு 8.8, அதற்குக் கீழே கூடாது.

எனக்குப் பிடித்தது வளைவு பற்றிய பத்தி. குழாயைச் சூடு காட்டாமல்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம், குழாயின் மையக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைத்த இடம் முட்டை வடிவமானால் சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையக்கூடாது. நம் ஊர்ப் பட்டறைகளில் மணலை ரொப்பி, இரண்டு பக்கமும் கட்டையடித்து, கேஸில் சிவக்கச் சூடாக்கி வளைப்போமே, அது இங்கே செல்லாது. சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணமே மாறிவிடும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடம் கைப்பிடி, கிரில் என்று வளைத்திருக்கிறேன். யாரும் அதில் மணிக்கு 160 கிலோமீட்டரில் போய் உருளப் போவதில்லை என்கிற தைரியம்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் கணக்குப் போட்டால் புரிகிறது. 45-க்கு 2.5 பைப் மீட்டருக்கு 2.6 கிலோ. 38-க்கு 1.6 வெறும் 1.4 கிலோ. பழைய கூண்டை அறுத்துத் தராசில் போட்டபோது 31 கிலோ. நான் பிறகு கட்டியது 52. காரில் 21 கிலோ குறைப்பதற்கு வேறு வழியில் எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று ரேஸ்காரர்களுக்குத் தெரியும். விதி என்று ஒன்று எழுதி, அளந்து பார்க்க ஒரு ஆளும் இல்லாவிட்டால், எல்லா டீமும் ஒரு கட்டத்தில் 16 கேஜுக்குத்தான் வந்து நிற்கும். அப்படி வருகிறவன் கெட்டவன் என்றில்லை, பக்கத்து கார் முந்துகிறதே என்கிற எரிச்சல்தான்.

அடுத்தது எஞ்சின். இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது, ஏனென்றால் எஞ்சினில் குறையே இல்லை. ஹெட்டைப் போர்ட் பண்ணி, அதாவது காற்று போகிற வழியைச் சுரண்டிப் பெரிதாக்கி, முகத்தைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றி, வால்வை அதிகமாகத் தூக்கித் திறக்கிற கேம் போட்டிருந்தார்கள். வேலை நேர்த்தி. ஆனால் பையன் ஓட்டப் போவது கிட்டத்தட்ட கம்பெனி நிலையிலேயே எஞ்சின் இருக்க வேண்டிய பிரிவு. விற்றவரிடம் போனில் கேட்டேன். "அண்ணே, இது பெரிய கிளாஸுக்குப் பண்ணின எஞ்சின். பவர் அதிகம்தானே, உங்களுக்கு நல்லதுதானே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எந்த கிளாஸ் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், எனக்கே நாற்பத்தாறு வயதில்தான் புரிந்தது. பாரிஸில் இருக்கிற எஃப்.ஐ.ஏ.வின் சட்டப்படி, ஒரு நாட்டுக்கு ஒரே அமைப்புக்குத்தான் கார் பந்தய அதிகாரம். இந்தியாவில் அது எஃப்.எம்.எஸ்.சி.ஐ., மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு. பைக்குக்கும் இதுவேதான், அங்கே மேலே இருப்பது உலக பைக் பந்தய அமைப்பான எஃப்.ஐ.எம். எம்.ஆர்.எஃப்., ஜே.கே. டயர் என்று பேனரில் பெயர் பார்க்கிறோமே, அவர்கள் பணம் போட்டு கிளப்போடு சேர்ந்து நடத்துகிறவர்கள். 'தேசிய சாம்பியன்' என்கிற பட்டம் கூட்டமைப்புடையது. எந்தெந்தப் பிரிவுக்கு அந்தப் பட்டம், அதில் எந்த கார், என்ன எஞ்சின், எதில் கை வைக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பிரிவின் தொழில்நுட்ப விதிக்குக் கீழே, ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனியாக ஒரு துணை விதி வரும், பையன்கள் எஸ்.ஆர். என்பார்கள். அதற்கும் பிறகு ஏதாவது மாறினால் புல்லட்டின். கீழே இருக்கிறது மேலே இருப்பதை மீற முடியாது. ஆனால் கீழே இருப்பதைப் படிக்காமல் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

டூரிங் கார் என்று வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய கார்தான். இந்தியன் டூரிங் கார், ஜூனியர் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக் என்று பிரிப்பதெல்லாம் எஞ்சின் அளவையும், எவ்வளவு மாற்றலாம் என்கிற சுதந்திரத்தையும் வைத்துத்தான். இந்த மாதிரி விதிகளைப் படிக்கும்போது ஒரு பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். நாம், 'கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?' என்று தேடுவோம். அங்கே கணக்கு வேறு: செய்யலாம் என்று எழுதாததெல்லாம் கூடாது. போர்ட் பண்ணலாம் என்று வரி இல்லையா, ஃபைலைக் கீழே வை.

போர்ட் பண்ணிய ஹெட்டில் ஒரு கஷ்டம், சுரண்டிய மெட்டலைத் திருப்பி வைக்க முடியாது. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்து, கை படாத ஒரு எஸ்டீம் ஹெட்டும் கேமும் பிடித்தேன். நல்ல வேலை செய்த ஹெட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துருப்பிடித்த பழசைக் கழுவி மாட்டுகிறபோது பட்டறைப் பையன் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தான். பவர் குறைவதற்குக் காசு செலவழிக்கிற முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்திருப்பான்.

"இதுக்குத்தான் நம்ம கரிவர்தன் வேற வழி பண்ணினாரு" என்றார் பெரியவர், ஹெட் மாட்டுவதைப் பார்க்க வந்தபோது. சோழவரம் ஓடுதளத்தில், யுத்த காலத்து விமானத்தளம் அது, யாரிடம் காசு இருக்கிறதோ அவர்கள் வெளிநாட்டிலிருந்து இறக்கிய காரில் ஓட்டுவார்கள். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். பக்கத்தில் ஃபியட், அம்பாசடரை அறுத்துக் கட்டிய கார்கள். பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கும், ஆனால் யார் ஜெயிப்பார் என்று காலையிலேயே தெரிந்துவிடும். கோவைக்காரரான எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒரே மாதிரி ஒற்றை இருக்கை கார்களைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின். ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அதில்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயர்தான். இன்றைக்கும் ஓடுகிற ஃபார்முலா எல்.ஜி.பி. அதே வழியில் வந்தது, மாருதி சுஸுகியின் 1.3 லிட்டர் எஞ்சினோடு.

பெரியவர் கட்சி அந்தப் பக்கம்: எல்லோருக்கும் ஒரே கார் கொடுத்தால் ஓட்டுகிறவன் யாரென்று தெரியும். நான் ஒத்துக்கொள்ளவில்லை, வாக்குவாதமே ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே கார் என்றால் பட்டறைக்காரனுக்கு அங்கே என்ன வேலை? விதி விடுகிற சந்துக்குள் புகுந்து ஒரு ஷிம்மை மாற்றி, ஒரு ஜெட்டை மாற்றி, அரை நொடி எடுக்கிறானே, அவனும்தானே பந்தயம் ஓட்டுகிறான்? "உனக்குப் பொழப்பு கெட்டுப் போகும்னு பேசற" என்று சிரித்தார். அதுவும் உண்மைதான்.

ஃபார்முலா 4 இன்னும் ஒரு படி மேலே. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் தெருச் சுற்றில் ராத்திரி விளக்கில் ஓடியதே, அது. முந்தின டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போனது. பெயர் இந்திய சாம்பியன்ஷிப். காரின் விதி எஃப்.ஐ.ஏ. எழுதியது. 2014-இல் இத்தாலியில் தொடங்கி நாடு நாடாகப் போன பிரிவு. நம் ஊரில் மைகேல் சேஸி, ஆல்பீன் எஞ்சின். அங்கே என் மாதிரி ஆள் ஸ்பேனரோடு கிட்டே போனால் விரட்டிவிடுவார்கள்.

சரி, எஸ்டீமுக்கு வருகிறேன். பெல்ட்டும் சீட்டும் பாக்கி.

பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், நூல்கூடப் பிரியவில்லை. லேபிளைத் திருப்பிப் பார்த்தால், 2019-க்குப் பிறகு செல்லாது என்று அச்சடித்திருக்கிறது. பந்தய பெல்ட்டுக்கு ஐந்து வருட ஆயுள். சீட்டும் அப்படித்தான்: எஃப்.ஐ.ஏ.வின் 8855-1999 தரத்து சீட், செய்த தேதியிலிருந்து ஐந்து வருடம். மருந்து பாட்டில் மாதிரி பந்தயச் சாமானுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை நான் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் கோபம் வந்தது, விற்பனைக்காகச் செய்கிற வேலை என்று நினைத்தேன். பிறகு பழைய பெல்ட்டை ஒரு முழம் வெட்டி வைஸில் பிடித்து வளைத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் வெளுத்து, மொறமொறவென்று இருந்தது. நிழல் பக்கம் துணி மாதிரி மடங்கியது. கோபம் போய்விட்டது, காசுதான் திரும்பி வரவில்லை.

மொத்தக் கணக்கு: பைப், வளைப்புக் கூலி, ஆர்கான் வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 68 ஆயிரம், வெல்டிங் என் கை, கூலி போடவில்லை. ஹெட், கேம், கேஸ்கட் 19 ஆயிரம். பெல்ட் 22, சீட் 41. ஆக ஒன்றரை லட்சம். மூன்றே கால் லட்ச ரூபாய் கார் நாலே முக்காலில் வந்து நின்றது.

இவ்வளவும் செய்துவிட்டு இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது பந்தயத்துக்கு முந்தின கார் சோதனைக்கு, கொண்டுபோய் நிறுத்தினோம். பரிசோதகர் நல்ல வயசாளி. கூண்டுக்கு அடியில் தகட்டைப் பார்த்தார், தட்டினார் (தட்டியதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது), பெல்ட் லேபிளைப் படித்தார், கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பச் சொன்னார். கடைசியில் தீயணைப்பான். இரண்டு கிலோ பவுடர், பளபளவென்று இருந்தது. கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்தார், சோதித்துப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேலே ஆகிவிட்டது. இது விற்றவர் தப்பில்லை, பெல்ட் லேபிளைப் படித்த என் கண்ணுக்கு இது தப்பிப் போனது. பையன் ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டியை விரட்டி, பூட்டப் போன கடையைத் திறக்க வைத்து, புதிதாக ஒன்று வாங்கி வந்தான். சாயங்காலம் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

3.717 கிலோமீட்டர் சுற்று, பன்னிரண்டு வளைவு. பையன் பதினான்கு காரில் பதினொன்றாவது வந்தான். முடிந்ததும் முன்னால் வந்த கார்களைப் பார்க் ஃபெர்மேயில் பூட்டி வைத்திருந்தார்கள். தற்காலிக முடிவை ஒட்டிய பிறகு அரை மணி நேரம் கெடு; ஆட்சேபணை இருந்தால் எழுதி, கட்டணம் கட்டிக் கொடுக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் வேலிக்கு வெளியே நின்று, ஜெயித்த காரின் பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

மதிப்பெண் என்று கேட்டால், காருக்கு ஐந்தில் மூன்றரை, 'ரேஸ் ரெடி' என்கிற வார்த்தைக்கு ஒன்று. வாங்கப் போகிறவர்கள் பணம் பேசுவதற்கு முன்னால் எந்தப் பிரிவு என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அந்த வருடத்து விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னியரும் ஒயர் கேமராவும் கொண்டுபோங்கள். அளக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். விதிகளை எல்லாம் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். கூண்டு வெல்டிங் செய்கிற கோயமுத்தூர்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் ஓடும். 253-இல் குழாய், வளைவு பற்றிய பக்கங்களை மட்டும் நான் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிற பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

போர்ட் பண்ணிய ஹெட் விற்பனைக்கு இருக்கிறது. எந்த கிளாஸ் என்று சொன்னால்தான் கொடுப்பேன். காலாவதியான பக்கெட் சீட்டுக்கு அடியில் நாலு சக்கரம் வெல்ட் பண்ணி, பில் போடுகிற மேசைக்கு முன்னால் போட்டிருக்கிறேன். இடுப்பு வலி குறைந்திருக்கிறது.